பத்து ரூபாய் பிஸ்கட் வாங்கக் கற்றுக்கொடுப்பது

காய் வாங்கணும், மாத்திரை வாங்கணும், வழியில் அத்தை வீட்டிலும் தலைகாட்டணும், அதோடு பிள்ளைக்கும் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துடணும். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு இப்படிக் கிளம்பினால் ஒன்றும் உருப்படியாக நடக்காது. வீட்டு வேலைக்குப் போகும் நாள் வேறு, கற்றுக்கொடுக்கப் போகும் நாள் வேறு. கற்றுக்கொடுக்கப் போகும் அன்று ஒரே ஒரு நோக்கம், இருபது நிமிடம், பாதியில் திரும்பினாலும் குடிமுழுகாத வேலை. அவ்வளவுதான்.

தொடங்குவதற்குத் தெருமுனை மளிகைக் கடையே நல்லது. சூப்பர் மார்க்கெட்டில் வெளிச்சம், பாட்டு, பில் போடும் மெஷினின் பீப் சத்தம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். அண்ணாச்சி கடையில் ஒரு ஆள், ஒரு மேசை. மதியம் மூன்று மணி வாக்கில் கூட்டமும் இருக்காது. முந்தின நாளே தனியாகப் போய்ச் சொல்லிவையுங்கள்: "அண்ணாச்சி, நாளைக்குப் பையனைக் கூட்டிட்டு வரேன். காசு கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுப்பான். நீங்க கையை மட்டும் நீட்டிட்டு இருங்க. பேரு என்ன, எந்த ஸ்கூல்னு எதுவும் கேட்க வேண்டாம்."

கடை, மேசை, பிஸ்கட் பாக்கெட், திரும்பி வரும் வீட்டு வாசல் என்று நான்கு படம் போனில் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஒரு அட்டையில் வெல்க்ரோ வைத்து வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே பிய்த்து உறைக்குள் போடட்டும். எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ஐந்தாவதாக இன்னொரு படமும் கையில் இருக்கட்டும்: கேட்ட பிஸ்கட் இல்லையென்றால் வாங்கும் வேறொன்று. பல பயணங்கள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. 'ஸ்டாக் இல்லை' என்பதையும் வீட்டில் ஸ்டூலைக் கடையாக வைத்து விளையாடிப் பழக்கிவிடுங்கள்.

இனி கடையில். படம் காட்டிக் கேட்பது, காசு நீட்டுவது, பாக்கெட்டை வாங்குவது, பையில் போடுவது என்று வேலை நான்கு படி. கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்றையும் நீங்கள் செய்துவிட்டு, பையில் போடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். தன் கையால் வேலை முடிந்தது, பிஸ்கட்டும் கிடைத்தது என்பது அங்கேயே பதியும். தொடர்ந்து மூன்று முறை உதவி இல்லாமல் செய்தால் அதற்கு முந்தின படியைச் சேருங்கள். பத்து ரூபாய் பாக்கெட்டுக்குச் சரியாகப் பத்து ரூபாய். மீதிச் சில்லறை தனிப் பாடம், இப்போது வேண்டாம். ஜிபே வேண்டவே வேண்டாம், காசு கைமாறுவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

காசு நீட்டும் படிதான் எல்லாரும் தடுமாறும் இடம். பிள்ளைக்கு எதிரே நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். கை நகரவில்லையா, முழங்கையை லேசாக முன்னால் தள்ளிவிடுங்கள். தொட்டால் பிடிக்காத பிள்ளையென்றால் அண்ணாச்சியின் கையைச் சுட்டிக்காட்டினால் போதும். வாயைத் திறக்காதீர்கள். "கொடு, கொடு, அங்கிள்கிட்ட கொடு" என்று சொல்லிப் பழக்கினால், அந்தக் "கொடு" காதில் விழும்வரை பிள்ளை காத்து நிற்கும். தொட்டுச் செய்யும் உதவியைப் படிப்படியாகக் குறைக்கலாம், வாயால் சொல்லும் உதவியை விலக்குவது அதைவிடக் கஷ்டம். "கண்ணைப் பாரு", "தேங்க்ஸ் சொல்லு" என்பதையும் விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்க்காமலே பிஸ்கட் வாங்கலாம்.

வரிசையில் காத்திருப்பதை வீட்டிலேயே டைமர் வைத்து ஐந்து நொடியில் தொடங்கி இரண்டு நிமிடம்வரை பழக்குங்கள். "கொஞ்சம் இரு" என்பதற்கு முடிவே கிடையாது. "அந்த அக்கா வாங்கினதும் நம்ம முறை" என்பதற்கு முடிவு உண்டு.

சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் பிள்ளை உடைந்துபோவதை அடம் என்று நினைத்து அதட்டும்போது மனசு வலிக்கிறது. அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் அடங்கும். இது எதைக் கொடுத்தாலும் அடங்காது. காதைப் பொத்துவது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நடை வேகமாவது என்று முன்னாலேயே தெரியும். அதற்காகத்தான் 'போலாம்' என்று ஒரு அட்டை. பிள்ளை அதை நீட்டிய நொடியே கிளம்புங்கள், வாங்க வந்தது வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அட்டைக்கு மதிப்பில்லாமல், கத்திய பிறகுதான் கிளம்புவீர்கள் என்றால், கத்துவதுதான் வழி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். மீறிப்போய்விட்டால் நிழல், தண்ணீர், மௌனம். அந்த நேரத்தில் பாடம் எதுவும் ஏறாது. கூடி நிற்பவர்களிடம் நீட்ட ஒரு தாள் எழுதி வைத்திருங்கள்: "இவனுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்கவில்லை. தயவுசெய்து கொஞ்சம் விலகி நில்லுங்கள்." கைவிட்டு ஓடும் பிள்ளையென்றால் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூடிஐடி அடையாள அட்டை வாங்கியிருந்தால் அதன் நகலும் பையில் இருக்கட்டும்.

ஒரு கடையில் வந்துவிட்டது என்றால் அது அந்தக் கடையில் மட்டும்தான். அடுத்த தெருக் கடை இந்தப் பிள்ளைக்குப் புது ஊர். அங்கே இரண்டு படி பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கும். அம்மா கூட்டிப்போனால் செய்வதை அப்பாவோடும் தாத்தாவோடும் போய்ச் செய்து பார்க்க வேண்டும். எந்தப் படியில் என்ன உதவி தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள். தாத்தா கிளம்பும் முன் அதைப் படித்துவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் பாசத்தில் எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார்.