நாம காட்டாததும் ஒரு காரணமா?

அமெரிக்கத் தேர்தல் எக்ஸ்ப்ளெய்னர் ஸ்க்ரிப்ட்ல ரெண்டு பெரிய கட்சியத் தாண்டி நிக்கிற மூணாவது கட்சிகள் பத்தின பகுதிய வெட்டினது நான்தான். இப்ப வந்தாலும் வெட்டத்தான் செய்வேன். ஆனா அந்த ஸ்க்ரிப்ட்ட எழுதின பையன் கேட்டது மட்டும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

நல்லாத்தான் எழுதியிருந்தான். 1992 அதிபர் தேர்தல்ல சுயேச்சையா நின்ன ராஸ் பெரோ ஜனங்க ஓட்டுல கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும், மாநிலவாரியா கணக்காகி அதிபர முடிவு பண்ற எலக்டோரல் ஓட்டு ஒண்ணுகூட கிடைக்கல. 1968ல மூணாவது கட்சில நின்ன ஜார்ஜ் வாலஸ் வாங்கினது 13.5 சதவீதம்தான், கிடைச்சது 46 எலக்டோரல் ஓட்டு. வாலஸ் ஓட்டு தெற்கு மாநிலங்கள்ல குவிஞ்சிருந்துச்சு, பெரோவுக்கு நாடு முழுக்க பரவலா விழுந்துச்சு, அநேகமா எல்லா மாநிலத்துலயும் முதல்ல வர்றவருக்கே அந்த மாநில எலக்டோரல் ஓட்டு மொத்தமும்னு இருக்கும்போது பரவலா வாங்கி என்ன பிரயோஜனம். மேப்ல கலர் போட்டு காட்டலாம்ணான்னு வந்து நின்னான்.

"இந்தத் தடவ அவங்கள்ல யாராச்சும் ஜெயிப்பாங்களா?"

"இல்லண்ணா."

"அப்ப எதுக்குப்பா?"

"நாம காட்டாததும் ஒரு காரணம் இல்லையாண்ணா?"

நம்ம வீடியோ பாத்துட்டு அங்க யாரு ஓட்டு போடப் போறான்னு சிரிச்சு சமாளிச்சேன். நெசமும் அதான். ஆனா அவன் ஸ்க்ரிப்ட்லயே அடுத்த பாரா என்ன தெரியுமா, அதிபர் வேட்பாளர்கள் டிவி விவாதத்த நடத்திட்டிருந்த டிபேட் கமிஷன் 2000ல கொண்டுவந்த ரூல். கருத்துக்கணிப்புல சராசரி 15 சதவீதம் இருந்தாத்தான் மேடை. மேடை ஏறாம ஆளையே தெரியாது, தெரியாத ஆளுக்கு 15 எங்கேருந்து வரும்? அந்த ரூலுக்கு முன்னாடியே, பெரோவ 1992 டிபேட்ல ஏத்துனாங்க, 1996ல கூப்பிடல, அந்தத் தடவ 8 சதவீதம் சொச்சம்தான். அதனாலதான் கொறஞ்சுதுன்னு சொல்லிட முடியாது, அதுக்குள்ள அவரு மவுசும் போயிருச்சு. நான் பண்ணதும் அதே 15 சதவீத வேலதானோ? இல்ல, எனக்கு இருந்தது எட்டு நிமிஷ ஸ்லாட், அவ்ளோதான்.

விடாம நான் 2000 ஃப்ளோரிடாவ இழுத்தேன். அங்க அல் கோர விட புஷ் முன்னிலை வெறும் 537 ஓட்டு, பசுமைக் கட்சி நேடர் வாங்கினது 97 ஆயிரத்து சொச்சம், கோர் ஓட்டப் பிரிச்சு கவுத்துட்டாருன்னு இன்னும் திட்டுறாங்க, ஜனங்க பயப்படத்தான செய்வாங்கன்னேன்.

"பிரிச்சாருன்னா, அது முதல்ல யாரு ஓட்டுண்ணா?"

டெட்லைன் ஆகுதுப்பான்னு சொல்லிட்டேன்.

மெய்ன் மாநிலத்துல வேட்பாளர்கள 1, 2, 3னு வரிசப்படுத்தி ஓட்டு போடுறாங்க, அப்படி வந்தா இந்தப் பிரிக்கிற பயம் கொறையும்னு கடைசியா ஒரு வரி வச்சிருந்தான். அதையாச்சும் விட்டிருக்கலாமோன்னு தோணும். ஆனா முன்னாடி உள்ளதெல்லாம் போனப்புறம் அந்த ஒத்த வரி யாருக்குப் புரிஞ்சிருக்கும்னும் தோணுது.