புறாமலைக்கு எதிரே மூன்று நாள்கள்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கரையில், புறாமலைத் தீவை நேரே நோக்கியிருக்கும் ஒரு சிறு விடுதியில் சென்ற ஆடி மாதம் மூன்று நாள்கள் தனியே தங்கினேன். தீவிலேயே தங்க வேண்டும் என்பதுதான் என் முதல் ஆசை. ஆனால் 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்திலிருந்து மாலைக்குள் படகில் திரும்பிவிட வேண்டும். அங்குள்ள மாடப்புறாக்களுக்கு அது நல்லதுதான்.

வாடைக்காலத்தில் கொந்தளிக்கும் கீழைக் கடல் ஆடியில் குளம்போலக் கிடக்கிறது. இரண்டாம் நாள் காலை, முகமூடி அணிந்து இடுப்பளவு நீரில் குனிந்தபோது, செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் இரண்டு, என்னைச் சற்றும் பொருட்படுத்தாமல், முருகைக் கற்களின், அதாவது பவளப்பாறைகளின், ஓரமாக வளைந்து சென்றன. அவை மனிதரைக் கடிப்பது அரிது என்று படித்திருந்தும் முழங்கால் நடுங்கியது உண்மை. "கல்லில் கால் வைக்காதீங்க, தங்கச்சி, அது உயிருள்ளது" என்றார் படகோட்டி அண்ணன்.

மற்ற நேரமெல்லாம் விறாந்தையில் சாய்மனைக் கதிரைதான். கைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரவில் பிட்டும் பொரித்த சூடை மீனும் வந்தன. உண்டு முடித்து, தீவு இருளில் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.