ஆயத்த வயரிங்கா, சொந்தக் கைவேலையா: வீட்டில் கட்டும் விமானத்தின் மின் அமைப்பு

பாகங்களைத் தொகுப்பாக வாங்கி ஆர்வி-7 போன்ற ஒரு விமானத்தை வீட்டில் கட்டுபவர், ரிவெட் அடிக்கும் வேலை பெரும்பாலும் முடிந்து உடற்பகுதி சக்கரங்களில் நிற்கத் தொடங்கியதும் எடுக்க வேண்டிய பெரிய தீர்மானம் மின் அமைப்பைப் பற்றியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அரோராவில் இயங்கும், இந்த விமானத்தின் தொகுப்பை விற்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், அலுமினியத் தகட்டில் துளை எங்கே வர வேண்டும் என்பதைக்கூட முன்னரே முடிவு செய்து அனுப்பிவிடுகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து ரேடியோ வரை மின்சாரம் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதில் பெரும்பகுதியைக் கட்டுபவரின் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆர்வி-12 இதற்கு நேர்மாறானது. அதில் வயர் ஹார்னஸும் (முன்பே வெட்டிக் கட்டிய வயர்த் தொகுதி) தொகுப்பின் பகுதியாகவே வருகிறது, வரைபடத்தில் உள்ளபடி இணைத்தால் போதும்.

மற்ற மாடல்களைக் கட்டுவோருக்கு இன்று பல வழிகள் திறந்திருக்கின்றன. கருவிப் பலகை முழுவதையும் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) கடையில் வயரிங் செய்து, சோதித்து, பெட்டியில் வாங்கலாம். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), இன்டர்காம் ஆகியவற்றை ஒரு மைய இணைப்பில் செருகும் ஆயத்தக் கேபிள்களை மட்டும் வாங்கலாம். வெர்டிகல் பவர் நிறுவனத்தின் விபி-எக்ஸ் போன்ற மின்னணு சர்க்யூட் பிரேக்கர் பெட்டியை மையமாக வைக்கலாம். அல்லது வயர்ச் சுருள்களும், வயர் முனையை இறுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவியும் வாங்கி, முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை தாமே செய்யலாம்.

சட்டம் இதில் பெரிய தடையாக இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவர் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே உருவாக்கியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். ஆயினும் அத்தியாவசியக் கருவிகளுக்கு மேற்பட்ட ஏவியானிக்ஸ் பொருத்தும் வேலையை வெளியாளிடம் கொடுப்பது அந்தக் கணக்கைப் பாதிப்பதில்லை. ஆகவே கேள்வி அனுமதியைப் பற்றியதன்று. எந்தப் பகுதியை நம் கையால் செய்தே ஆக வேண்டும் என்பதைப் பற்றியது. என் தீர்மானம் உறுதியானது: பேட்டரி, கான்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்சுவிட்ச்), ஆல்டர்நேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி), பஸ் (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பட்டை), கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பாதை) என்ற மின்வழங்கு பகுதியை நாமே வடிவமைத்து நாமே செய்ய வேண்டும், கருவிகளுக்கிடையே ஓடும் சிக்னல் வயர்களை ஆயத்தமாக வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

மின்வழங்கு பகுதியை ஏன் பிறர் கையில் விடக்கூடாது? பறக்கும்போது ஆல்டர்நேட்டர் நின்றுவிட்டால், எந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும், அணைத்தபின் எது உயிரோடு இருக்கும் என்பதை விமானி அந்தக் கணத்தில் அறிந்திருக்க வேண்டும். பேட்டரியின் உதவியின்றித் தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ பொருத்திய லைகாமிங் இன்ஜின், மாஸ்டர் சுவிட்சை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மின்னணு இக்னிஷனும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் உள்ள இன்ஜினுக்கோ மின்சாரம் நின்றால் சுழற்சியும் நின்றுவிடும். ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். இன்ஜினில் இரண்டு ஜெனரேட்டர்கள் வைத்து, ஒன்றை இன்ஜினுக்கென்றே ஒதுக்கியிருப்பது இதனால்தான். இவ்விரு வகை இன்ஜின்களுக்கும் ஒரே பொது வடிவமைப்பு பொருந்தாது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, வழக்கமான 14 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் ஏறினால், 16 வோல்ட் அளவில் ஆல்டர்நேட்டரின் ஃபீல்டு சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்பதும், மாஸ்டர் கான்டாக்டர் பழுதானால் அத்தியாவசியக் கருவிகளுக்கு மாற்றுப் பாதை இருக்கிறதா என்பதும் வாங்கிய பெட்டியின் கையேட்டில் தேடிப் படிக்க வேண்டிய செய்திகளாக இருக்கலாகாது.

இதைத் தாமே செய்ய அசாதாரணத் திறமை தேவையில்லை, கணக்கும் பொறுமையும் போதும். ஃபியூஸ் காப்பது கருவியை அன்று, வயரை. அதனால்தான் 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியரும், 14 கேஜுக்கு 15 ஆம்பியரும் என்று வயரின் பருமனை வைத்து ஃபியூஸைத் தேர்ந்தெடுக்கிறோம் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்). இறக்கையிலுள்ள, வேகத்தை அளக்க உதவும் பீட்டோ குழாயின் ஹீட்டர் 10 ஆம்பியர் இழுக்கிறது, வயரின் நீளம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 14 கேஜில் மின்னழுத்த இழப்பு ஏறத்தாழ 0.33 வோல்ட், 18 கேஜில் 0.8 வோல்ட்டுக்கு மேல். இந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டவருக்கு, பிற்காலத்தில் ஒரு புதிய கருவியைச் சேர்க்கும்போது எந்த வயர் தேவை என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

விமானத்தின் அமைப்பும் இந்தப் பகுதியில்தான் மிகவும் வேறுபடுகிறது. நான்கு பேர் அமரும் ஆர்வி-10இல் எடைமையத்தைப் பேணுவதற்காகப் பேட்டரி பின்பகுதியில் இருக்கிறது. ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அங்கிருந்து மூக்கு வரை வர வேண்டும். விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டனின் லாங்-ஈஸி 1979இல் முதன்முதலாகப் பறந்தது. அதில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஸ்டார்ட்டர் வைத்து, எடைமையத்துக்காகப் பேட்டரியை மூக்கில் வைத்தால், தடித்த கேபிள் விமானத்தின் நீளம் முழுவதும் ஓட வேண்டும். அதன் உடல் கண்ணாடியிழைக் கலவையால் ஆனது, உலோகமன்று. எனவே மின்சாரம் திரும்பி வரும் பாதைக்கும் தனி வயர் இழுத்தாக வேண்டும். அலுமினிய உடலையே கிரவுண்டாகக் கருதித் தயாரித்த ஹார்னஸை இத்தகைய விமானத்தில் அப்படியே பொருத்த முடியாது.

சிக்னல் பகுதியின் இயல்பு வேறு. 25, 37 பின்கள் கொண்ட டி-சப் கனெக்டர்கள், மின் குறுக்கீட்டைத் தடுக்கும் உறை கொண்ட ஷீல்டு வயர்கள், ஒவ்வொன்றிலும் மெல்லிய 22 கேஜ் இழைகள்: இங்கே வடிவமைப்புச் சுதந்திரம் ஏறத்தாழ இல்லை, தயாரிப்பாளரின் பின் வரைபடத்தைப் பிழையின்றிப் பின்பற்றுவதே வேலை. நாள்தோறும் இதையே செய்யும் கைகள் அதை நம்மைவிடச் சீராகச் செய்யும். பின்னை நான்கு பக்கமும் குத்தி இறுக்கும் தரமான கிரிம்ப் கருவியும், முடித்தபின் ஒவ்வொரு பின்னையும் சோதிக்கும் வசதியும் நல்ல கடைகளில் இருக்கின்றன. இதனால் மிச்சமாகும் மாதங்களைக் கட்டுபவர் மின்வழங்கு பகுதியைச் செம்மையாக்கச் செலவிடலாம்.

விபி-எக்ஸ் போன்ற பெட்டிகளை நான் மறுப்பதில்லை. எந்தச் சுற்று எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டுவதும், எரிந்துபோன விளக்கை உடனே அறிவிப்பதும் உண்மையான நன்மைகள். ஆனால் அந்த ஒரு பெட்டி முழுவதுமாகச் செயலிழந்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்வியிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். இன்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் தேவையென்றால், அதற்கான பாதை அந்தப் பெட்டியைச் சாராமல் தனியாக இருக்க வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

ஆயத்த ஹார்னஸ் வாங்குவோர் பணம் கட்டும் முன் விற்பவரிடம் சிலவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். வயர் 150 டிகிரி செல்சியஸ் தாங்கும் டெஃப்சல் உறை கொண்டதா? ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் எண் அச்சிடப்பட்டிருக்கிறதா? கருவியைப் பலகையிலிருந்து வெளியே இழுக்கும் அளவுக்குக் கூடுதல் நீளம் விடப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுவான மாதிரிப் படம் கூடாது. நமக்கு வரும் அதே ஹார்னஸின் முழு வரைபடம், பின்னர் நாமே திருத்தக்கூடிய கோப்பாக வேண்டும். அதைத் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன். ஹார்னஸ் வந்து சேர்ந்ததும், விலையுயர்ந்த கருவிகளைச் செருகுவதற்கு முன்பே, ஒவ்வொரு கனெக்டரிலும் மின்சாரம் வர வேண்டிய பின்னில் மட்டும் வருகிறதா, கிரவுண்ட் பின் உண்மையிலேயே கிரவுண்டைத் தொடுகிறதா என்று மீட்டர் வைத்து அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.