முதியோர் காது கேளாமை பற்றி குழுவாக புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

இறுதியாண்டில் எங்கள் குழு எடுத்துக்கொண்ட தலைப்பு, வயதாகும்போது வரும் காது கேளாமைக்குப் புதிய தீர்வு. மருத்துவப் பொறியியல், ஆடியாலஜி (செவித்திறன் பற்றிய துறை), வடிவமைப்பு, சமூகப்பணி என நான்கு துறை மாணவர்கள் சேர்ந்து செய்தோம். இதே தலைப்பை எடுக்க நினைக்கும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கினீர்கள், எந்த போர்டில் புரோகிராம் எழுதினீர்கள் என்றுதான். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு முதியவரின் நாளில் எந்த நேரத்துப் பேச்சை அவருக்கு மீட்டுத் தரப் போகிறீர்கள்? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத குழு, வருடம் முழுக்க உழைத்தாலும் கடைசியில் ஒரு சாதாரண ஒலிபெருக்கியைத்தான் செய்து வைத்திருக்கும்.

'காது கேளாமை' என்பது ஒரு மாணவர் குழுவுக்குத் தாங்காத அளவுக்குப் பெரிய தலைப்பு. 60 வயதைத் தாண்டியவர்களில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே கருவி, ஒரே தீர்வு என்று யோசிக்கவே முடியாது.

அடிப்படையைக் குழுவில் எல்லோரும் படித்துவிடுங்கள். அதை ஆடியாலஜி மாணவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுவதற்கு இவை வேண்டும். பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி உருவாகும், மனிதர்களுக்கு உருவாகாது. சுருளின் வாசல் பக்கம் உயர் அதிர்வெண்களையும் உச்சிப் பக்கம் தாழ்ந்த அதிர்வெண்களையும் பிடிக்கிறது. முதுமையில் பெரும்பாலும் முதலில் தேய்வது வாசல் பக்கம். பேச்சில் உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் வருபவை, அதனால் அவை காதில் விழுந்துவிடும். சகரம் போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் நழுவிப் போகும். 'காசு' என்றாரா 'காது' என்றாரா என்று தெரியாமல் போவது இப்படித்தான். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்லும்போது தங்கள் ஆடியோகிராமையே, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடத்தையே, வாயால் விவரிக்கிறார்கள். குரலை உயர்த்திப் பேசினால் "ஏன் கத்துற?" என்று சட்டென்று முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு, பலத்த ஒலி நமக்குக் கேட்பது போலவே பலமாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சுருங்கிப் போயிருக்கிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்கும் கருவி உதவாமல் போவது இதனால்தான்.

ஆடியோகிராமை மட்டும் நம்பியும் திட்டம் போடாதீர்கள். மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் முதலில் அறுந்துபோக, அமைதியான அறையில் எடுக்கும் சோதனை மட்டும் சரியாகவே வரலாம் என்று 2009-இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இருவர், கூட்டமான இடத்தில் வேறு வேறு மாதிரி சிரமப்படுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இனி, பெரியவர்களிடம் பேசப் போகும் கட்டம். இதற்குக் குழுவில் எல்லோரும் போக வேண்டும், புரோகிராம் எழுதுபவர் கண்டிப்பாகப் போக வேண்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். கத்தாமல், சற்று நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "நல்லா கேட்குதா?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் தலையாட்டுவார்கள். பல வருடப் பழக்கம் அது, எதிரில் இருப்பவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம். எங்கள் சமூகப்பணித் தோழி வேறு மாதிரி கேட்டாள்: "பேச்சு புரியாம நீங்க கடைசியா எந்த இடத்துலேர்ந்து எழுந்து வந்தீங்க?" அதன் பிறகு வந்த பதில்கள் எதுவும் எங்கள் கேள்வித்தாளில் இருந்த கட்டங்களுக்குள் அடங்கவில்லை.

அங்கேதான் எங்கள் தலைப்பும் மாறியது. ஒரு பாட்டி கைப்பையிலிருந்து காது மெஷினை எடுத்துக் காட்டினார். டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. போடுவதில்லையா என்று கேட்டோம். பேட்டரியை மாற்றிக் காட்டினார். பொத்தானை விடச் சிறிய பேட்டரி, அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினார், விரல் நடுங்கியது, பேட்டரி மடியில் விழுந்து புடவை மடிப்புக்குள் போய்விட்டது. தேடி எடுத்து மறுபடி முயன்றார். வடிவமைப்பு மாணவன் அந்த விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதே பாட்டி, டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசுவது ஒன்றும் புரியவில்லை, மாத்திரை விவரம் எல்லாம் வீட்டுக்கு வந்து பேரனிடம்தான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். முகக்கவசம் உதட்டசைவை மறைக்கிறது, போதாக்குறைக்கு உயர் அதிர்வெண் ஒலிகளையும் மழுக்குகிறது. டாக்டர் அறையில் மருந்து விவரம் சொல்லும் அந்தச் சில நிமிடங்களையே எங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டோம்.

பிரச்சினை இவ்வளவு சிறியதானதும் பொறியியலும் தெளிவாகிவிட்டது. இரைச்சலைப் பிரித்தெடுக்கச் செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்று எங்கள் பொறியியல் தரப்பு வாதாடியது. மைக்கைப் பேசுபவர் பக்கம் கொண்டுபோனால் போதும் என்றார் ஆடியாலஜி மாணவி. இதைப் பேசித் தீர்க்க முயலாமல் அளந்து பார்த்தோம். எதிரொலி குறைந்த இடத்தில், தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் பேச்சு 6 டெசிபெல் கூடும். இரண்டு மீட்டரில் இருக்கும் மைக்கை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 18 டெசிபெல். அறையின் பின்னணி இரைச்சல் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் இவ்வளவு மேலே வருகிறது. சட்டைக் கழுத்தில் குத்தும் ஒரு சிறிய மைக் இதைச் செய்துவிடுகிறது. குழுவில் கருத்து மோதும்போதெல்லாம் இதையே வழக்கமாக்கிக்கொண்டோம்: யார் சொன்னது என்று பார்க்காமல், எதை அளந்தால் இது தீரும் என்று கேட்பது. நான்கு துறைக்காரர்கள் மனக்கசப்பில்லாமல் வேலை செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மைக்கிலிருந்து காதுக்கு ஒலி எப்படிப் போகிறது என்பதிலும் கவனம் தேவை. சாதாரண பிளூடூத் ஹெட்போனில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாவது சகஜம். நேரில் வரும் குரல் ஒருமுறை, ஹெட்போன் வழியாக இன்னொருமுறை என்று கேட்டால் புரிவது இன்னும் மோசமாகும். காது மெஷின்களில் இந்தத் தாமதத்தைப் பொதுவாக 10 மில்லிசெகண்டுக்குள் வைக்கப் பார்ப்பார்கள். நாங்கள் வயரிலேயே நின்றோம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் பெரிய குமிழ் ஒன்று, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய காதுறை, உயர் அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு, அவ்வளவுதான். எவ்வளவு திருகினாலும் தாண்டாத ஒலி வரம்பு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். வயது வந்தோருக்குப் பாதுகாப்பான கேட்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். மிச்சமிருக்கும் செவித்திறனைப் பறிக்கும் கருவியை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது.

சோதனையை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் மதிப்பெண் அதிகம். சொந்தத் தாத்தா பாட்டியை வைத்துச் சோதிக்காதீர்கள், பாசத்தில் "நல்லா இருக்கு" என்றே சொல்வார்கள். கருவியோடும் கருவி இல்லாமலும் அதே நபரைச் சோதியுங்கள், யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்யும் முறை உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. நாங்கள் அதனோடு, "காலையில் ஒன்று, இரவில் அரை, சாப்பிட்ட பிறகு" போன்ற கற்பனை மருந்துக் குறிப்புகளையும் சொல்லி, கேட்டதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டோம். எங்கள் பிரச்சினையை நேராக அளந்தது அதுதான். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதிக்கு முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். நோயறிதல் உங்கள் வேலை அல்ல. திடீரென்று கேட்காமல் போனது, ஒரு காதில் மட்டும் குறைந்தது, சீழ், தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் சோதனையை நிறுத்தி, உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீர்க் கேளாமையில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), "இதுதான் ஏற்கெனவே கடையில் இருக்கிறதே?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ள வயது வந்தோர் மருந்துச் சீட்டு இல்லாமலே காது மெஷின் வாங்கலாம், 2024-இல் ஆப்பிளின் இயர்போனான ஏர்பாட்ஸ் ப்ரோ 2-வுக்கே காது மெஷினாகச் செயல்படும் வசதிக்கு அனுமதி கிடைத்தது. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு டாலருக்கும் குறைந்த உதிரிபாகச் செலவில் முதியோருக்கான கருவியை வடிவமைத்து வெளியிட்டார்கள், அந்தக் கட்டுரையை அவசியம் படியுங்கள். இவையெல்லாம் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நீங்கள் எடுத்த அந்தக் குறிப்பிட்ட நேரத்தில் இவை ஏன் கைகொடுக்கவில்லை என்பதை உங்கள் அளவீடுகளோடு காட்டுங்கள்.

"மறதி நோயைத் தடுக்கும்" என்று ஸ்லைடில் எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். 2023-இல் வெளியான அச்சீவ் (ACHIEVE) என்ற மருத்துவ ஆய்வில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தக் குழுவில் காது மெஷினால் அறிவாற்றல் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சரிவுக்கான அபாயம் அதிகமிருந்த ஒரு பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் மெதுவானது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்த மாணவரைத் தேர்வாளர் மதிக்கிறார்.

சோதனைக்காகக் கருவியைக் கொடுக்கும் அன்றே, அதை எப்போது திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்று பெரியவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இத்தனை காலம் கழித்து நன்றாகக் கேட்க ஆரம்பித்தவரிடமிருந்து சொல்லாமல் பறிப்பது கொடுமை. முடிந்தால், புராஜெக்ட் முடிந்த பிறகு அவர்கள் எங்கே போய் காதைச் சோதித்துக்கொள்ளலாம் என்ற விவரத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.