திருவதிகை: தம்பியோடு போய்வந்த ஒரு முற்பகல்

திருவதிகைக்குப் போவது என்று முடிவானதும் தம்பி முதலில் விசாரித்தது நடை திறந்திருக்கும் நேரத்தை. நான் விசாரித்தது வழியில் கழிவறை எங்கெங்கே இருக்கிறது என்பதை. சென்னையிலிருந்து பண்ருட்டிப் பக்கம் பேருந்துக்குக் குறைவில்லை என்றாலும், எழும்பூரில் ஏறி விழுப்புரம் வழியாக மயிலாடுதுறைப் பாதையில் செல்லும் ரயிலையே பிடித்தோம். எனக்கு மலக்குடல் புற்றுநோய்க்காகக் குடலின் கடைசிப் பகுதியை அகற்றிவிட்டு மீதியை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். சேமித்து வைக்கும் இடமே போய்விட்டதால், போக வேண்டும் என்ற உணர்வு வந்தால் அதை அடக்கிக்கொண்டு உட்கார முடியாது. ஒருமுறை போய்வந்த பின் அரை மணிக்குள் மூன்று முறை எழ வேண்டிய நாள்களும் உண்டு. ஆகவே பயணத்துக்கு முந்தைய நாள் மதியத்திலிருந்தே தயிர்சாதத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பங்குனி மாதம், பலாப்பழம் வரத் தொடங்கியிருந்த நேரம். பண்ருட்டி வரை போய் ஒரு சுளைகூடத் தின்னாமல் திரும்பிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2022இல் நோய் தெரிந்தது. இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, அதனோடு மாத்திரை, பிறகு அறுவை, எட்டு மாதம் மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை, இடையே ஆக்சாலிபிளாட்டின் என்னும் பிளாட்டினம் சேர்ந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிய கீமோ, இறுதியில் பையை எடுக்க இன்னோர் அறுவை என்று எல்லாம் 2023 ஆடியில் முடிந்தன. முடிந்தது சிகிச்சை. அந்த மருந்து நரம்பில் விட்டுச்சென்ற மரப்பு உள்ளங்காலிலும் விரல் நுனியிலும் அப்படியே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் நாலடி நடந்த பிறகுதான் தெரிகிறது.

இவற்றையெல்லாம்விடக் கனமானது காத்திருப்பு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு நிறையும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள்; அது ஏறினால் புற்றுநோய் திரும்பியிருக்கலாம். எனக்கு இரண்டுக்குக் கீழேயே இருந்துவந்த அந்த எண், 2025 மாசியில் 3.9 என்று வந்தது. ஐந்துக்குள் இருந்தால் பெரும்பாலும் இயல்பு என்றுதான் கொள்வார்கள். மருத்துவரும் பதறவில்லை, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். அந்த ஆறு வாரத்தின் நடுவில்தான் நாங்கள் திருவதிகைக்குப் போனோம்.

ஏன் திருவதிகை என்பதைச் சைவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில், சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை ஏற்றிருந்த மருணீக்கியார் சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துடித்தபோது, எந்த மந்திரத்துக்கும் மருந்துக்கும் நோய் கேட்காமல், இரவோடு இரவாகத் தம் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து விழுந்த ஊர் இது. அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போக, மருணீக்கியார் பாடிய பதிகம்தான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். பாடி முடித்தபோது நோய் நீங்கியது, நாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது. அப்பர் என்பதும் அவரைத்தான். வயிற்று நோய் உள்ளவர்கள் அந்தப் பதிகத்தை ஓதுவது இன்றும் வழக்கம். எங்கள் அம்மா எங்களுக்கு வயிறு வலித்தால் ஓமத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு அதைத்தான் முணுமுணுப்பாள். எது கேட்டது என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பண்ருட்டி நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது நேரம்தான். கெடில ஆற்றில் தண்ணீர் ஒரு கோடாகக் கிடந்தது. சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் திரிபுரம் எரித்த தலம் என்பதால் கருவறை விமானத்தைத் தேர் போலவே அமைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைதான், ஆனால் பத்தரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது, எனக்கோ கல்தரை பெரிய சோதனை. சுடுகிறதா என்பது என் உள்ளங்காலுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் கண்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தம்பி எனக்கு ஓரடி முன்னால் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் தன் காலை வைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான்: "இங்க வராதேக்கா, சுடுது. அந்தச் சுவரோரமா நிழல்ல வா." அவனுடைய காலால்தான் நான் அந்தப் பிராகாரத்தைக் கடந்தேன்.

சுவாமி சந்நிதியில் கூட்டமில்லை. பதினாறு பட்டைகளோடு உயர்ந்து நிற்கும் பெரிய லிங்கத் திருமேனி. விளக்கொளி ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறாக விழுந்தது. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டு, "என்ன பிரார்த்தனை?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் தம்பி, "அக்காவுக்கு உடம்பு பூரண குணமாகணும் சாமி" என்றான். குணமா, இல்லையா என்பது மருத்துவருக்கே தெரியாதபோது எந்தச் சொல்லால் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டது நல்லதாய்ப் போயிற்று.

அர்ச்சனை முடிந்து விலகி நின்றபோது, தூணருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், யாருக்காகவும் அல்லாமல், 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று தொடங்கினார். சிறு வயதிலிருந்து நூறு முறை கேட்ட பாட்டு. ஆனால் அன்று அதன் முதல் அடியிலேயே வரும் 'நானறியேன்' என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். என்ன கொடுமைகள் செய்தேனோ, நான் அறியேன் என்கிறார் அப்பர். நோய் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. என்ன சாப்பிட்டாய், பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக வைத்துக்கொண்டாயா, குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்டாயா, மனசில் எதையாவது அடக்கி வைத்தாயா. கேட்பவர்கள் அன்பால்தான் கேட்கிறார்கள். தங்களுக்கு வராமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிடாதா என்ற பயமும் அந்த அன்புக்குள் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்பதையே இறைவன் முன்னால் சொல்லலாம் என்று ஒரு நாயன்மார் காட்டியிருக்கும்போது, உறவினர்களுக்கு நான் ஏன் பதில் தேடிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

அடுத்து வருவது இன்னும் கூர்மை. 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே' என்கிறார்; வெளியே தெரியாமல், வயிற்றின் உள்ளே, குடலோடு பிணைத்து முடக்குகிறது என்று வலியைச் சொல்கிறார். கீமோ முடிந்து முடி மறுபடி வளர்ந்து, எடையும் ஏறிய பிறகு, "இப்பத்தான் நல்லா இருக்கியே!" என்று கேட்காத நாளில்லை. கல்யாண வீட்டில் பந்தி நடுவே எழுந்து ஓடுவதையும், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் எந்த நிகழ்ச்சிக்கும் போகாததையும் கர்வம் என்று எடுத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. தோற்றாத நோயை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பெயரிட்டுப் பாடி வைத்திருக்கிறார்.

முதல் பாடல் முடிகிற இடத்தில் அவர் சொல்வது 'ஆற்றேன்'. என்னால் தாங்க முடியவில்லை. சிகிச்சை தொடங்கிய நாள் முதல் வீட்டில் நான் சொல்லாத சொல் இது. தைரியசாலி, போராளி என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, அந்தப் பட்டத்தைக் கீழே வைக்க முடியாமல் சுமந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொன்னால் தம்பி கலங்குவான் என்ற பயம் வேறு. அன்று அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு, முதியவரின் குரலோடு சேர்ந்து, ஒலி வராமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். குணமாக்கு என்ற வேண்டுதலைத் தம்பி வைத்துவிட்டான். என் பங்குக்கு நான் வைத்தது அந்த ஒரு சொல்தான்.

அப்பருக்கு நோய் அந்தக் கணத்திலேயே தீர்ந்தது என்பதை நான் நம்புகிறேன். எனக்கு அப்படித் தீராது என்பதும் தெரியும்; மாத்திரையையும் பரிசோதனையையும் ஒரு நாளும் விட்டதில்லை, விடப்போவதுமில்லை. ஆனால் நோய் தீர்ந்த பிறகு அவர் உழவாரப் படையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார் என்பதும், எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார் என்று சொல்வதும், தீர்ந்த கணத்தைப் போல அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு இப்போது அந்தப் பகுதிதான் வேண்டியிருக்கிறது.

திலகவதியாருக்கு இங்கே தனிச் சந்நிதி உண்டு. மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்த பின், தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தவர். தம்பி பிரிந்துபோன பிறகு இந்தக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டு காத்திருந்தவர். தம்பி நோயோடு வந்து விழுந்த இரவு விடியுமுன், அவர் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டவை துடைப்பமும் சாணமும் தோண்டியும் என்று பெரிய புராணம் சொல்கிறது. எவ்வளவு பெரிய நாளானாலும் அன்றைய வேலையை அவர் விடவில்லை. எங்கள் வீட்டில் கதை தலைகீழ். நோய் அக்காவுக்கு, காத்துக் கிடந்தது தம்பி. பை மாற்றக் கற்றுக்கொண்டவன் அவன், அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவன் அவன், 3.9 என்ற எண்ணைப் பார்த்த இரவு மொட்டைமாடியில் நெடுநேரம் நடந்ததும் அவன்தான், எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு.

அந்தச் சந்நிதியில் அவன் கண்ணை மூடி நின்ற நேரம் சுவாமி சந்நிதியில் நின்றதைவிட அதிகம். வெளியே வந்ததும், "என்னடா வேண்டிக்கிட்டே?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா நின்னேன்."

சிறிது தூரம் நடந்த பிறகு நானாகவே, "தம்பி, சில நாள் என்னால முடியலடா" என்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்கா" என்றான். பிறகு காலை முன்னே வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க சுடுது, இந்தப் பக்கம் வா" என்றான்.

திரும்பும் ரயிலில், எதிர் இருக்கை காலியாக இருந்ததால், காலை அதில் நீட்டச் சொல்லிக் கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளங்கால் இரண்டையும் பார்த்தான். இடது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. எங்கே பட்டது என்று இருவருக்கும் தெரியவில்லை. களிம்பு தடவிவிட்டு, குருக்கள் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தை அறிக்கைகள் இருந்த கோப்புக்குள் செருகிக்கொண்டான். மறு பரிசோதனைக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. விழுப்புரம் வருமுன் நான் இரண்டு முறை எழுந்து போய்வந்தேன்.