நார்த்தூளைக் கழுவக் கற்றுக்கொண்ட கதை: கோகோபீட்டில் குடைமிளகாய் நாற்று நட்ட அனுபவம்

பாலக்கோடு வட்டத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கரில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தக்காளிக்குப் பின் தக்காளியே வைத்து வந்ததில், வேர்முடிச்சு நூற்புழு மண்ணில் குடியேறிவிட்டது. ஆகவே இரண்டு சென்ட் நிழல்வலைக் குடில் போட்டு, மண்ணையே தொடாமல், கோகோபீட் எனப்படும் தென்னை நார்த்தூளை நிரப்பிய பைகளில் குடைமிளகாய் வைப்பது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். ஓசூர், தளிப் பக்கத்துக் குடில்களில் இம்முறையைப் பார்த்திருந்த துணிச்சல்தான். ஆனால் நான் பார்த்தது வளர்ந்து நின்ற செடிகளை மட்டுமே. நடுவதற்கு முன் அவர்கள் செய்த வேலையைப் பார்க்கவில்லை.

நார்த்தூள் 5 கிலோ கட்டிகளாக வந்தது. ஊறவிட்டால் ஒரு கட்டி 60 லிட்டருக்கு மேல் உப்பிவிடும். ஆடி மாதத்தில் 40 கட்டிகளை ஊறவைத்து 120 பைகளில் நிரப்பி, பைக்கு இரண்டாக 240 நாற்றுகளை மறுநாளே நட்டேன். ஒரு வாரம் செடிகள் நட்ட உயரத்திலேயே நின்றன. அதன்பின் வந்த குருத்திலைகள் சுருண்டு, ஓரம் கருகின. உரக்கடையில் காட்டியபோது, "இலைப்பேன்தாண்ணா, மருந்தடிச்சா சரியாயிடும்" என்றார்கள். இரண்டு முறை அடித்தேன். இலையைத் திருப்பிப் பார்த்து அதில் ஒரு பூச்சிகூட இல்லை என்பதைக் கவனித்தது, மருந்துக்குப் பணம் கொடுத்த பிறகுதான்.

காவேரிப்பட்டணத்தில் குடில் வைத்திருக்கும் என் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மச்சான், பையிலிருந்து வடியற தண்ணிய அளந்து பார்த்தீங்களா?" தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் அவருடைய ஈ.சி. மீட்டரை வடிநீரில் வைத்தபோது 3.4 காட்டியது. நாற்றுக்கு அது தாங்க முடியாத உப்பு.

தேங்காய் மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி. அவற்றில் ஒரு பகுதி தண்ணீரோடு கரைந்து போய்விடும். மறு பகுதி நார்த்தூளின் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் உரமாகக் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்தத் துகள்கள் பிடித்து வைத்துக்கொண்டு, ஈடாகப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கால்சியமோ செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராத சத்து என்பதால், அதன் குறை குருத்தில்தான் தெரியும். நான் பூச்சி என்று நினைத்தது இதைத்தான்.

பைகளை அவிழ்த்து நார்த்தூள் முழுவதையும் பீப்பாய்களில் கொட்டிக் கழுவத் தொடங்கினேன். வடிநீர் 0.5க்குக் கீழே வர வேண்டும் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். நான்காவது கழுவலில் 1.3 வந்தது. ஐந்தாவதில் 1.2, ஆறாவதிலும் அதே 1.2. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் ஏதோ தோன்றி, எங்கள் போர் தண்ணீரையே அளந்தேன்: 1.1! கழுவுகிற தண்ணீரே 1.1 என்றால் கழுவிய தண்ணீர் எப்படி 0.5க்கு இறங்கும்? எங்கள் பக்கத்தில் கெட்டிலில் படியும் வெள்ளைப் பொருக்கைத் தினமும் பார்த்துக்கொண்டே இதை யோசிக்காமல் போனேன். உள்ளே விடுகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆவணியில் பெய்த மழையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கடைசிக் கழுவலை அதில் செய்ததும் 0.4 வந்தது.

ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெறும் தண்ணீருக்கு அசையாது. லிட்டருக்கு 2 கிராம் வீதம் கால்சியம் நைட்ரேட்டை மழைநீரில் கரைத்து, அதில் நார்த்தூளை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து வடித்தேன். இந்த உரத்தை மக்னீசியம் சல்பேட்டோடு ஒரே தொட்டியில் கெட்டியாகக் கரைத்தால் ஜிப்சமாகத் திரிந்து சொட்டுவானை அடைத்துவிடும். இதையும் ஒருமுறை செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசியில் மறுநடவு. நாற்றுகள் 98 குழிகள் கொண்ட தட்டில் வளர்ந்தவை, 38 நாள் வயது. முந்தின நாளே பைகளில் உரக்கரைசலைத் தேங்க விட்டு, காலையில் பையின் அடிப்பக்கம் கீறி வடியவிட்டேன். தட்டுக்கும் நன்றாகத் தண்ணீர் காட்டினேன், ஏனெனில் வேர்க்கட்டி காய்ந்திருந்தால் சுற்றிலும் ஈரம் இருந்தாலும் அது எளிதில் உறிஞ்சாது. வெயில் தாழ்ந்த பிறகு, தண்டைப் பிடிக்காமல் வேர்க்கட்டியைப் பிடித்து எடுத்து, அதன் மேல்மட்டமும் நார்த்தூளின் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி வைத்தேன். தக்காளியைக் கழுத்துவரை புதைக்கலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். குடைமிளகாயை அப்படிப் புதைத்தால் தண்டு அழுகக்கூடும். மண்ணில் செய்வதுபோல் மிதித்து இறுக்கவும் இல்லை, விரலால் அணைத்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலை மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்து கிடந்தது. வால்வைத் திறக்கப் போன கையை நிறுத்தி, இரண்டு அங்குலம் கீழே ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. அன்றிலிருந்து மேலே பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை. நார்த்தூளில் சத்து என்று சொல்லத்தக்கது கிடையாது என்பதால் முதல் நாளிலிருந்தே வெறும் தண்ணீருக்குப் பதில் மீட்டரில் 1.5 காட்டும் உரக்கரைசல்தான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. விட்டதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வடிகிறதா என்பதை ஒரு பைக்குக் கீழே வைத்த தட்டில் பிடித்து அளந்துகொள்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் பையின் கீறலில் வெள்ளை வேர்நுனிகள் எட்டிப் பார்த்தன. வடிநீர் 1.8. குருத்து விரிந்திருந்தது, ஓரத்தில் கருகல் இல்லை. மைத்துனரின் மீட்டரை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.