நியூ ஜெர்சியிலிருந்து வந்த போத்தல்

கடந்த டிசம்பரில் என் சின்னம்மாவின் மகள் நியூ ஜெர்சியிலிருந்து ஹட்டனுக்கு வந்திருந்தாள். முந்தைய முறை பார்த்ததைவிட நன்றாக மெலிந்திருந்தாள். பசியைக் குறைக்க அங்கே வைத்தியர் எழுதிக்கொடுத்த குளிசை என்றாள். புறப்படும் நாளில், மிச்சமிருந்த பதினான்கு குளிசைகளைப் போத்தலோடு என் கையில் வைத்தாள். "காலையில் ஒன்று போட்டால் போதும் அக்கா, சோற்று நினைவே வராது." அன்பினால்தான் தந்தாள்.

எனக்கு 43 வயது. உயரம் 152 சென்றிமீற்றர், அப்போது நிறை 71 கிலோ. மூன்று வருடங்களாகப் பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன். போத்தலில் ஒட்டியிருந்த தாளில் அவளுடைய பெயர்தான் இருந்தது. மருந்தின் பெயர் பென்டர்மின், 37.5 மில்லிகிராம். தாளில் இருந்த பெயர் என்னுடையதல்ல என்பதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் மதியம்வரை பசிக்கவே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது விளங்காத ஓர் உணர்வாக இருந்தது. அம்மா விடியற்காலையில் கோதுமை மா ரொட்டி தட்டி எங்கள் நால்வருக்கும் பங்கு வைப்பார். மிஞ்சிய துண்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடுவார். பத்து மணிக்கு மலையில் அவருக்கு எப்படிப் பசித்திருக்கும் என்று வகுப்பில் இருந்தபடி நினைத்துக்கொண்டு கொழுந்துக் கூடைகளை எண்ணிய பிள்ளை நான். அந்தப் பசியை ஒரு குளிசை அணைத்துவிட்டது. மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் வாய் உலர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை, பாடசாலைக்கு ஏறும் படிக்கட்டின் பாதியில் நெஞ்சு படபடக்கத் தொடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். மாலையில் எங்கள் டொக்டரிடம் போனேன். பிரஷர் 168க்கு 104.

அவர் ஏசவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பயந்தால் பசிக்குமா?" என்று கேட்டார். பயத்தில் உடலை முடுக்கிவிடும் நோரட்ரினலினை இந்த மருந்து மூளையில் கூட்டுகிறது. பசி அடங்குவது அதனால்தான். இதயம் விரைவதும் பிரஷர் ஏறுவதும் அதே வேலையின் மறுபக்கம். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளர்கள், தைரொயிட் அதிகமாகச் சுரப்பவர்கள், கண்ணில் குளுக்கோமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இது கூடவே கூடாது. மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகளை விட்டு 14 நாட்களாவது கடந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1959 முதல் இருக்கும் மருந்துதான் என்றாலும், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துக் குறுகிய காலத்துக்கே கொடுக்கிறார்கள். "உங்கள் தங்கச்சிக்குக் கொடுத்தவர் அவரைப் பரிசோதித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். உங்களை யார் பரிசோதித்தது?"

இப்போது எல்லோரும் பேசும் செமகுளுடைட் ஊசியைப் பற்றியும் கேட்டேன். அது வேறு வழியில், குடலில் சுரக்கும் ஹோர்மோன் ஒன்றைப் போல வேலை செய்கிறது. வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். குமட்டலும் வாந்தியும் வரலாம். நிறுத்தினால் நிறை திரும்பி ஏறக்கூடும். அதையும் பரிசோதனை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்றார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, 'மூலிகை' என்று சொல்லி ஃபேஸ்புக்கில் விற்கும் மெலிவுக் குளிசைகள்மீதுதான். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தினால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ரமின், இப்படிப்பட்ட பொதிகளில் ஒளித்துக் கலக்கப்பட்டிருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பொதியில் அதன் பெயர் இருக்காது. எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் அப்படியொரு பொதி வைத்திருந்தார். அவரை விடாமல் நச்சரித்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

குளிசைகளை டொக்டரிடமே கொடுத்துவிட்டேன். பிரஷர் மருந்தின் அளவை அவர் மாற்றினார். பிறகு நான் சாப்பிடுவதையெல்லாம் எழுதச் சொன்னார். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை பிளேன்டீ, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. பன்னிரண்டு கரண்டி என்று என் கையெழுத்திலேயே பார்த்தபோது அதிர்ந்துபோனேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். இராச்சோற்றைப் பாதியாக்கி, கோவாவும் போஞ்சியும் தட்டை நிரப்பின. எட்டு மாதத்தில் 66 கிலோ, பிரஷர் 128க்கு 82. நிறை இங்கேயே நின்றுவிட்டால் மருந்தைப் பற்றி மறுபடியும் பேசலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி எழுதித் தந்தால் எடுப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

தங்கச்சியிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. தொலைபேசியில் அழுதாள். பதினான்கு குளிசை எப்படி மிஞ்சியது என்று அப்போதுதான் கேட்டேன். நெஞ்சு படபடத்ததால் தானாகவே நிறுத்திவிட்டாளாம். தன் வைத்தியரிடம் அதைச் சொல்லவேயில்லை. அடுத்த வாரமே போய்ச் சொல்லிவிட்டு, பிரஷர் கருவியின் படத்தை எனக்கு அனுப்பினாள்: 118க்கு 76.